இறங்கப் பழகாத கால்கள்: மேடுபள்ள நகர மாரத்தான் ஒன்றின் நிகழ்வு ஆய்வு

பின்னணி

மேடும் பள்ளமுமான நகரம் ஒன்றில் நடந்த முழு மாரத்தானில், அதாவது 42.195 கிலோமீட்டர் ஓட்டத்தில், எங்கள் ஓட்டக் குழுவைச் சேர்ந்த மூவருக்கு என்ன நேர்ந்தது என்பதை இங்கே பதிவு செய்கிறேன். மூவரும் எழுதச் சம்மதித்திருக்கிறார்கள். பெயரும் ஊரும் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதால் அவற்றை விட்டுவிட்டேன். குழுவுக்குப் பயிற்சி அட்டவணை போடுவது என் பொறுப்பு. ஆகவே இதில் வரும் தவறுகளில் பெரியது என்னுடையது என்பதை முதலிலேயே சொல்லிவிடுவதுதான் முறை.

முதலாமவர் 44 வயது ஆண். சமதளப் பாதைகளில் ஏழு மாரத்தான் முடித்தவர். அவற்றில் சிறந்த நேரம் 3 மணி 46 நிமிடம். இரண்டாமவர் 37 வயதுப் பெண்; அதற்கு முன் இரண்டு மாரத்தான் மட்டுமே ஓடியிருந்தார், சிறந்த நேரம் 4 மணி 12 நிமிடம். மூன்றாமவர் 53 வயது ஆண். அவருக்கு இதுவே முதல் மாரத்தான் என்பதால், 6 மணி நேரக் கெடுவுக்குள் முடித்தால் போதும் என்றிருந்தார்.

பயிற்சிக் காலம் 16 வாரம். வாரம் ஒருநாள் மேட்டுப் பயிற்சி: 600 மீட்டர் நீளமுள்ள சரிவுச் சாலையில் ஓடி ஏறி, மூச்சு அடங்கும்வரை நடந்து இறங்கி, மீண்டும் ஏறுவது என்று எட்டு முறை. மாதம் இருமுறை, 9 கிலோமீட்டர் மலைச்சாலையில் தொடர்ந்து ஏறும் நீள ஓட்டம். உச்சியில் ஒரு வேன் காத்திருக்கும். எல்லோரும் அதில் ஏறிக் கீழே வந்துவிடுவோம். இறக்கத்தில் ஓடினால் முட்டி தேய்ந்துவிடும் என்ற நம்பிக்கை குழுவில் வெகுகாலமாக இருந்தது ஒரு காரணம். வேலைக்கு நேரத்தோடு திரும்ப வேண்டும் என்பது இன்னொரு காரணம். உண்மையைச் சொன்னால் இரண்டாவது காரணம்தான் வலுவானது. முட்டியைச் சொன்னால் கேட்பவர்கள் மறுபேச்சுப் பேசுவதில்லை.

இரண்டாமவர் குழு கூடும் இடத்திலிருந்து தொலைவில் வசித்ததால் மேட்டுப் பயிற்சிக்குப் பாதி வாரங்கள்தான் வந்தார். மூவரில் யாரைப் பற்றியாவது பந்தயத்துக்கு முன் நான் கவலைப்பட்டேன் என்றால் அது அவரைப் பற்றித்தான்.

பாதையும் திட்டமும்

பந்தயம் தொடங்கிய இடத்திலேயே முடியும் சுற்றுப்பாதை என்பதால், மொத்த ஏற்றமும் மொத்த இறக்கமும் சம அளவு. இரண்டும் ஏறத்தாழ 350 மீட்டர். முதல் 8 கிலோமீட்டர் ஏறக்குறையச் சமதளம். 8 முதல் 11 வரை 90 மீட்டர் ஏறி, 14 வரை இறங்க வேண்டும். நடுவில் சிறு மேடுகள். 19 முதல் 22 வரை 110 மீட்டர் ஏற்றம். அங்கிருந்து 27 வரை 120 மீட்டர் இறக்கம். கடைசிப் பெரிய மேடு 30இல் தொடங்கி 32.5இல் முடிகிறது. பிறகு 36 வரை இன்னோர் இறக்கம்; அதன்பின் முடிவுக்கோடு வரை சமதளம், ஒரே ஒரு மேம்பாலம் தவிர.

முதலாமவரின் இலக்கு 3 மணி 50 நிமிடம். சராசரியாகக் கிலோமீட்டருக்கு 5 நிமிடம் 27 வினாடி. ஒவ்வொரு கிலோமீட்டரையும் எத்தனை மணிக்குக் கடக்க வேண்டும் என்று அச்சிட்டு மணிக்கட்டில் சுற்றிக்கொள்ளும் காகிதப் பட்டையை நான்தான் தயாரித்தேன். ஏற்றப் பகுதிகளுக்குக் கிலோமீட்டருக்கு 15 வினாடி கூட்டினேன்; இறக்கப் பகுதிகளுக்கு அதே 15 வினாடியைக் கழித்தேன். ஏற்றத்தில் விட்டதை இறக்கத்தில் பிடித்துவிடலாம் என்ற அந்தக் கணக்கு காகிதத்தில் மிக அழகாக இருந்தது. ஏறும்போது இழக்கும் நேரம் முழுவதும் இறங்கும்போது திரும்பக் கிடைப்பதில்லை என்பதை நான் அறியாதவன் அல்லன். ஆனால் இலக்கு 3 மணி 50 என்று முதலில் முடிவு செய்துவிட்டு அதற்கேற்பப் பாதையை வளைத்திருந்தேன்.

இரண்டாமவருக்கும் ஒரு பட்டை கொடுத்தேன். அவர் அதை மரியாதைக்கு வாங்கி, நாலாக மடித்து இடுப்புப் பையில் வைத்துக்கொண்டார்.

பந்தய நாளில் கண்டவை

விடியற்காலை குளிர்ச்சியாக இருந்தது. வெயில் பெரிதாகத் தொந்தரவு செய்யவில்லை. நான் 11, 27, 36 ஆகிய மூன்று கிலோமீட்டர் குறிகளில் நின்று பார்ப்பதென்று ஏற்பாடு.

11ஆவது கிலோமீட்டரில், முதல் மேட்டின் உச்சியில், முதலாமவர் முகம் சிவந்து மூச்சு வாங்க வந்தார். பட்டையில் போட்டிருந்த 5:42க்குப் பதிலாக 5:35இல் ஏறியிருந்தார். சமதளத்தில் நிமிடத்துக்கு 152ஆக இருந்த இதயத் துடிப்பு அங்கே 172ஐத் தொட்டிருந்ததைப் பின்னர் கைக்கடிகாரப் பதிவில் பார்த்தோம். மேட்டில் இதயத் துடிப்பு சற்றுத் தாமதமாகவே உயர்கிறது. கடிகாரம் எச்சரிக்கும்போது மேட்டில் ஒரு பகுதி முடிந்திருக்கும். இரண்டாமவர் சில நிமிடங்கள் கழித்துச் சின்னச் சின்ன அடிகளாக வைத்து ஏறி வந்தார். என்னைப் பார்த்ததும் நின்று பேசிவிடுவாரோ என்று நினைக்கும் அளவுக்கு மூச்சு சீராக இருந்தது. மூன்றாமவர் முதல் மேட்டிலிருந்தே எல்லா ஏற்றங்களையும் நடந்தே கடப்பதென்று முடிவு செய்திருந்தார். அதைக் கடைசிவரை மாற்றவில்லை.

இந்த ஆய்வில் நான் திரும்பத் திரும்ப நினைத்துப் பார்க்கும் இடம் 27ஆவது கிலோமீட்டர். ஐந்து கிலோமீட்டர் நீளும் பெரிய இறக்கம் அங்கே ஒரு வளைவில் முடிகிறது. வளைவுக்கு அப்பால் ஆள் தெரிவதற்கு முன்பே காலடி ஓசை கேட்கும். முதலாமவரின் ஓசை பட், பட் என்று தரையை அறைவதுபோல வந்தது. உடல் பின்னுக்குச் சாய்ந்திருந்தது. கால் இடுப்புக்கு வெகுதூரம் முன்னே போய் விழுந்தது. ஒவ்வோர் அடியிலும் குதிகாலை ஊன்றி, முட்டியை விறைப்பாக வைத்து, பிரேக் பிடித்துப் பிடித்து இறங்கினார். அந்த ஐந்து கிலோமீட்டரைக் கிலோமீட்டருக்குச் சரியாக 5 நிமிடத்தில் ஓடியிருந்தார். மூச்சு வாங்கவில்லை. 2 மணி 24 நிமிடத்தில் என்னைக் கடந்தபோது, “மூணு நிமிஷம் கைவசம் இருக்கு” என்று விரலைக் காட்டிச் சிரித்தார். நானும் கைதட்டினேன். அப்போதே நிறுத்திச் சொல்லியிருக்க வேண்டியதைச் சொல்ல எனக்குத் தோன்றவில்லை.

இரண்டாமவர் 2 மணி 42 நிமிடத்தில் அதே வளைவுக்கு வந்தார். ஓசை ஏறக்குறைய இல்லை. அடிகள் குட்டையாகவும் விரைவாகவும் இருந்தன. கைகள் சமநிலைக்காகப் பக்கவாட்டில் சற்று விரிந்திருந்தன. பாதம் இடுப்புக்கு நேர் கீழே விழுந்தது. வேகத்தைக் கூட்டவும் இல்லை, பிரேக் பிடிக்கவும் இல்லை.

30ஆவது கிலோமீட்டரில் கடைசி மேடு தொடங்கியதும் முதலாமவர் நடக்க ஆரம்பித்திருக்கிறார். 2.5 கிலோமீட்டர் ஏற 18 நிமிடம் ஆகியிருக்கிறது. அது வியப்பில்லை. வியப்பு அதன் பிறகு. உச்சியிலிருந்து 36 வரையிலான 3.5 கிலோமீட்டர் இறக்கத்தைக் கடக்க அவருக்கு 25 நிமிடம் ஆனது. ஏற்றத்தில் கிலோமீட்டருக்கு 7 நிமிடம் 12 வினாடி. இறக்கத்தில் 7 நிமிடம் 9 வினாடி. ஏறும் வேகத்திலேயே இறங்கியிருக்கிறார். மூச்சும் இதயத் துடிப்பும் அடங்கிவிட்டன, ஆனால் தொடை உடலைத் தாங்க மறுத்தது. ஒவ்வோர் அடியிலும் முட்டி மடிந்து விழுந்துவிடுமோ என்ற பயத்தில் இறங்கியதாகச் சொன்னார்.

36ஆவது கிலோமீட்டரில் எடுத்த முடிவு

அவர் 3 மணி 23 நிமிடத்துக்குச் சற்றுப் பிறகு வந்து தடுப்புக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். வலது முட்டிக்கு மேலே உள்ள தசை தோலுக்கடியில் ஏதோ நெளிவதுபோல் துடித்துக்கொண்டிருந்தது. தொட்டால் கட்டைபோல் இருந்தது. அருகிலிருந்த மருத்துவ உதவித் தன்னார்வலரை அழைத்துக்கொண்டு கேள்விகளைக் கேட்டேன். நெஞ்சில் வலியோ அழுத்தமோ உண்டா? தலைசுற்றல் உண்டா? வலி எலும்பில் ஒரே புள்ளியில் குத்துகிறதா, தசை முழுக்கப் பரவியிருக்கிறதா? எல்லாவற்றுக்கும் தெளிவாகப் பதில் சொன்னார். இரண்டு தொடையும் ஒரே மாதிரி வலிப்பதாகவும் வேறு தொல்லை இல்லை என்றும் சொன்னார்.

விலகிவிடுவது ஒரு வழி. இலக்கைக் கைவிட்டு மெதுவாக முடிப்பது இன்னொரு வழி. நெஞ்சுவலியும் மயக்கமும் இல்லை, நடையில் ஒருபக்கச் சாய்வு இல்லை, மீதிப் பாதை சமதளம் என்ற மூன்று காரணங்களால் இரண்டாவது வழியை ஒப்புக்கொண்டேன். தசைப்பிடிப்பு தளரும்வரை நான்கு நிமிடம் நிற்க வைத்து, மணிக்கட்டுப் பட்டையைக் கழற்றி வாங்கிக்கொண்டு அனுப்பினேன்.

நான் கேட்காமல் விட்ட கேள்வி ஒன்று உண்டு. ஏதாவது மாத்திரை போட்டீர்களா என்று கேட்கவில்லை. கடைசி மேட்டின் அடியில், ஓட்டத்தின்போது ஆற்றலுக்காக உண்ணும் ஜெல்லோடு சேர்த்து ஒரு வலிநிவாரணி மாத்திரையை அவர் விழுங்கியிருந்தார் என்பது மறுநாள்தான் தெரிந்தது. தெரிந்திருந்தால் அவரை அனுப்பியிருக்க மாட்டேன்.

முதலாமவர் 4 மணி 14 நிமிடத்தில் முடித்தார். இரண்டாமவர் 4 மணி 16. முதல் பாதியை 2 மணி 7 நிமிடத்திலும் இரண்டாம் பாதியை 2 மணி 9 நிமிடத்திலும் ஓடியிருந்தார். சமதளத்தில் இருவருக்கும் இடையே 26 நிமிட வித்தியாசம் இருந்ததை நினைவில் வைத்துக்கொண்டு இந்த இரண்டு நிமிடத்தைப் பார்க்க வேண்டும். மூன்றாமவர் 5 மணி 21 நிமிடத்தில் சிரித்தபடியே வந்தார். இறக்கத்தில் பாதம் காலணிக்குள் முன்னால் நழுவி மோதியதில் இரண்டு பெருவிரல் நகங்களிலும் இரத்தம் கட்டிக் கறுத்திருந்தது. கணுக்காலருகே உள்ள கடைசித் துளையிலும் நாடாவைக் கோத்து இறுக்கியிருந்தால் பெரும்பாலும் தவிர்த்திருக்கலாம்.

மறுநாள்

மறுநாள் காலை முதலாமவர் வீட்டு மாடிப்படியில் கைப்பிடியைப் பிடித்தபடி முதுகு காட்டிப் பின்பக்கமாகவே இறங்கினார். மாரத்தான் ஓடியவர்கள் வீட்டில் இது சிரித்துக் கடக்கும் காட்சி. இப்படிப்பட்ட தசைவலி 24 முதல் 72 மணி நேரத்துக்குள் உச்சத்தை அடைவது வழக்கம் என்பதால் யாரும் பொருட்படுத்தவில்லை. மாலையில் சிறுநீர் பால் கலக்காத தேநீரின் நிறத்தில் போனபோதுதான் எனக்குத் தொலைபேசியில் சொன்னார். இரண்டு முறை அப்படிப் போனதா என்று கேட்டேன். மூன்று முறை என்றார். உடனே மருத்துவமனைக்கு அழைத்துச் சென்றோம்.

தசை நார்கள் பெருமளவில் சிதைந்து, அவற்றிலுள்ள மயோகுளோபின் என்ற புரதம் இரத்தத்தில் கலந்து சிறுநீரகத்துக்குப் போயிருப்பதாக மருத்துவர் விளக்கினார். தசைச் சேதத்தைக் காட்டும் கிரியேட்டின் கைனேஸ் அளவு எந்த மாரத்தானுக்குப் பிறகும் கூடத்தான் செய்யும். அந்த எண்ணை மட்டும் வைத்துப் பயப்பட வேண்டியதில்லை. நிறம் மாறிய சிறுநீர், நீர்ச்சத்துக் குறைவு, அதோடு சிறுநீரகத்துக்குப் போகும் இரத்த ஓட்டத்தைக் குறைக்கக்கூடிய வலிநிவாரணி ஆகிய மூன்றும் ஒன்றுகூடியதுதான் ஆபத்து என்றார். இரத்தக்குழாய் வழியாகத் திரவம் ஏற்றினார்கள். சிறுநீரகப் பரிசோதனை முடிவுகள் சரியாக இருந்தன. இரண்டு இரவு கழித்து வீடு திரும்பினார். ஆறு வாரம் ஓடக்கூடாது என்று சொல்லி அனுப்பினார்கள்.

பயிற்சிப் பதிவுகளை ஒப்பிட்டபோது

அந்த ஆறு வாரத்தில் மூவருடைய கைக்கடிகாரப் பதிவுகளையும் வரிசையாக வைத்துப் பார்த்தேன். ஏறிய மீட்டர்களைக் கூட்டினால் முதலாமவர் இரண்டாமவரை விடக் கணிசமாக முன்னே இருந்தார். இறக்கத்தில் ஓடிய தூரத்தைத் தனியே பிரித்துப் பார்த்தபோதுதான் விஷயம் புரிந்தது. முதலாமவரின் 16 வாரக் கணக்கில் அது ஏறக்குறையப் பூஜ்யம். நடந்து இறங்கியிருக்கிறார் அல்லது வேனில் இறங்கியிருக்கிறார். இரண்டாமவரின் வீடு ஒரு குன்றின் மேல். எங்கே ஓடப் போனாலும் முதலில் 2 கிலோமீட்டர் சரிவில் இறங்கித்தான் ஆக வேண்டும். வாரத்தில் நான்கு நாள், அட்டவணையில் எழுதப்படாத இறக்கப் பயிற்சி. “அதைப் பயிற்சின்னே நான் நினைக்கலையே சார், தெருவுக்கு வர்ற வழிதானே” என்றார்.

ஏறும்போது முன்தொடைத் தசை சுருங்கியபடி வேலை செய்கிறது. இறங்கும்போது அதே தசை, உடல் எடையைத் தாங்கியபடியே நீள வேண்டியிருக்கிறது. இழுபட்டுக்கொண்டே இழுத்துப் பிடிக்கும் வேலை அது. தசை நார்களை நுண்ணிய அளவில் கிழிப்பதில் இந்த வகை வேலைக்கு ஈடில்லை. ஆனால் மூச்சு இதைக் காட்டிக்கொடுப்பதில்லை. சரிவுகளில் ஓடுவதற்கான ஆற்றல் செலவை அளந்து மினெட்டியும் சகாக்களும் 2002இல் வெளியிட்ட ஆய்வில், செலவு மிகக் குறைவாக இருந்தது சமதளத்தில் அல்ல, சுமார் 20 விழுக்காடு இறக்கத்தில். நுரையீரலுக்கு ஓய்வு கிடைக்கும் அதே நேரத்தில் தொடை செலுத்தும் கட்டணம் உடனே தெரியாது. அடுத்த ஏற்றத்தில் தெரியும். 27ஆவது கிலோமீட்டரில் முதலாமவர் சிரித்ததற்கும் 36இல் கம்பியைப் பிடித்ததற்கும் இடையே உள்ள தொடர்பு இதுதான்.

பாஸ்டன் மாரத்தானில் ‘ஹார்ட்பிரேக் ஹில்’ என்று பெயர் பெற்ற மேடு, 32ஆவது கிலோமீட்டரைத் தாண்டி வருகிறது. அதன் உயரம் ஏறத்தாழ 27 மீட்டர்தான். எங்கள் பந்தயத்தின் 90 மீட்டர் முதல் மேட்டில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. அது அத்தனை பேரை முறிப்பதற்குக் காரணம் அதன் உயரமல்ல. தொடக்கத்திலிருந்து வெகுதூரம் கீழ்நோக்கி ஓடிவந்த தொடைகளோடு அதை ஏற வேண்டியிருப்பதுதான். அந்தப் பாதையில் முடிவுக்கோடு தொடக்கக் கோட்டைவிடச் சுமார் 140 மீட்டர் தாழ்வில் இருக்கிறது. கிலோமீட்டருக்கு ஒரு மீட்டருக்கு மேல் மொத்தச் சரிவு இருக்கக்கூடாது, தொடக்கமும் முடிவும் பந்தய தூரத்தில் பாதிக்கு மேல் விலகியிருக்கக்கூடாது என்ற விதிகளுக்குள் அது அடங்காததால், 2011இல் அங்கே கென்ய வீரர் ஜெஃப்ரி முட்டாய் ஓடிய 2:03:02 உலகச் சாதனையாக ஏற்கப்படவில்லை. இறக்கம் ஒரு சலுகை என்று விதிப்புத்தகம் கருதுவது நியாயம்தான். பழகிய கால்களுக்கு அது சலுகைதான்.

இதில் நல்ல செய்தியும் உண்டு. ஒருமுறை இறக்கத்தில் ஓடி வலியை அனுபவித்த தசை, அடுத்த முறை அதே அளவு இறக்கத்தில் வெகு குறைவாகவே சேதமடைகிறது. இந்தப் பாதுகாப்பு சில வாரங்கள் நீடிக்கிறது. சிறிய அளவில் தொடங்கினாலே போதும்.

மாற்றியவை

மலைச்சாலை உச்சியில் காத்திருந்த வேனை நிறுத்திவிட்டோம். அதாவது, தண்ணீரோடு வேன் வரும். காயம்பட்டவரைத் தவிர யாரையும் ஏற்றாது. மேட்டுப் பயிற்சியில் முதல் இரண்டு வாரம் மென்மையான சரிவில் 300 மீட்டர் இறக்கம் நான்கு முறை மட்டும். பிறகு தூரத்தையும் சரிவையும் படிப்படியாகக் கூட்டுகிறோம். கடைசிக் கடுமையான இறக்க ஓட்டம் பந்தயத்துக்கு மூன்று வாரம் முன்பு. அதற்குப் பிறகு செய்தால் வலியோடு தொடக்கக் கோட்டில் நிற்க வேண்டியிருக்கும். அதற்கு வெகு முன்பு செய்தால் பாதுகாப்பு மங்கிவிடும்.

முட்டி பற்றிய வாதம் குழுவில் இன்னும் ஓயவில்லை. மூன்றாமவர் தமக்கு ஏற்கெனவே முட்டிவலி இருப்பதால் இறங்கி ஓடுவதில்லை என்று உறுதியாக இருக்கிறார். அவரை நான் வற்புறுத்தவில்லை. எல்லா மேட்டையும் நடந்து, எல்லா இறக்கத்தையும் பொறுமையாகக் கடந்து முடித்த ஒருவருக்குப் புத்தி சொல்ல என்னிடம் அதிகமில்லை.

மணிக்கட்டுப் பட்டையில் இப்போது நேரம் போடுவதில்லை. ஏற்றப் பகுதிக்கு எதிரே, “ஒரு வாக்கியம் முழுதாகப் பேச முடிகிற அளவுக்கு”. இறக்கப் பகுதிக்கு எதிரே, “ஓசை கேட்கக்கூடாது”. முதல் 30 கிலோமீட்டருக்கு அவ்வளவுதான். வலிநிவாரணி மாத்திரையைப் பந்தயத்துக்கு முந்தைய நாளிலிருந்து முடிந்து 24 மணி நேரம்வரை மருத்துவர் சொன்னாலன்றித் தொடுவதில்லை என்று எல்லோரும் ஒப்புக்கொண்டிருக்கிறோம். வழியில் யாரேனும் நின்றால் நான் கேட்கும் கேள்விகளில் அது இப்போது முதலாவது.

முதலாமவர் ஆறு வாரம் கழித்துத் திரும்பி வந்தார். முதல் நாள் 300 மீட்டர் இறக்கம் நான்கு முறை ஓடியதற்கே மூன்று நாள் தொடை வலித்ததாகக் குறைப்பட்டுக்கொண்டார். இரண்டு வாரம் கழித்து அதே சரிவில் ஆறு முறை இறங்கினார். மறுநாள் காலை, மாடிப்படியில் முன்பக்கமாகவே இறங்கி வேலைக்குப் போய்விட்டதாக ஒரு வரிச் செய்தி அனுப்பினார்.